நான் படித்துச் சொன்ன கடிதங்கள்

இன்னொருவருடைய மனைவி எழுதிய கடிதங்களை இரண்டு வருடங்களுக்கு மேல் நான் படித்தேன். அவளுக்குத் தெரியாமல் படித்தேன். படித்ததை அவள் கணவரிடம் தமிழில் சொன்னேன்.

இந்தத் தொடரில் இதுவரை வந்த அத்தியாயங்களைப் பார்த்துவிட்டு, நான் நல்ல வாத்தியார், நல்ல மனிதர் என்று சில வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஜெயமணியின் நினைவு வருகிறது. என் மனைவி ருக்மணி இருந்தவரை இதை எழுதக் கூச்சமாக இருந்தது. அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. தள்ளிப்போட இனி சாக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை

எழுபதுகளின் நடுவில் ஸ்ரீரங்கத்தில் மூன்று போர்ஷன் உள்ள ஒரு காம்பவுண்டு வீட்டில் குடியிருந்தோம். நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் ஆங்கில விரிவுரையாளர். பக்கத்துப் போர்ஷனுக்கு ராஜமாணிக்கம், அவர் மனைவி ஜெயமணி, ஆறு வயது மகள் சாந்தி மூவரும் வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. தெருவில் எல்லோருக்கும் அது ‘மலேயாக்காரர் வீடு’.

அங்கே குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் மறுத்த காலம் அது. ராஜமாணிக்கம் லால்குடிப் பக்கம் பிறந்து, சின்ன வயதில் கப்பல் ஏறிப் போனவர். அவருக்கு அந்த நாட்டுக் குடியுரிமை இல்லை. ஜெயமணி ஈப்போவில் பிறந்தவள், அவளுக்கு இருந்தது. அவர் திரும்ப வேண்டி வந்தபோது அவளும் மகளோடு புறப்பட்டு வந்தாள். மகளின் பெயர் தாயின் பாஸ்போர்ட்டில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். உள்ளே ருக்மணி மாவு ஆட்டும் சத்தம். ராஜமாணிக்கம் குளித்து, திருநீறு பூசி, தேய்த்த வெள்ளைச் சட்டையில் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து வெளிநாட்டுத் தபாலுக்கான நீலத்தாள் ஒன்றை எடுத்தார். ஒட்டாமல் மடித்திருந்தது.

“சார், இதுல ஜெயமணி என்ன எழுதியிருக்கான்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. எனக்கு இங்கிலீஷ் ஓடாது.”

உங்கள் மனைவியையே கேட்கலாமே என்றேன்.

“கேட்டா, நல்லா இருக்கேன்னு எழுதினேன்னு சொல்லுவா. வெளியூர்ல வளந்த பொண்ணு சார். இந்த ஊரு நெளிவு சுளிவு தெரியாது. எதையாவது எழுதி வம்புல மாட்டிப்பாளோன்னுதான்.”

ஜெயமணி கான்வென்ட்டில் படித்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத வராது. ஈப்போவில் இருந்த தங்கை பத்மாவுக்கும் அம்மாவுக்கும் ஆங்கிலத்தில்தான் எழுதுவாள். தானும் கடைசியில் தமிழில் இரண்டு வரி சேர்க்க வேண்டும், ஒட்டாமல் கொடு என்று கணவர் வாங்கிக்கொள்வார். கணவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால் அவளும் மனத்தில் இருந்ததையெல்லாம் எழுதினாள்.

தாளைப் பிரித்தபோது தைல வாசனை அடித்தது. தலைவலிக்கு அவள் நெற்றியில் தடவுகிற பச்சைத் தைலம். அழகான சாய்வெழுத்து. இங்கே தண்ணீர் ருசியாக இருக்கிறது, ஆனால் அங்கே போல சாயங்காலம் தவறாமல் மழை பெய்வதில்லை; சாந்தி புதுப் பள்ளியில் அழுகிறாள்; அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அவ்வளவுதான். என் மாணவர்களில் பாதிப் பேருக்கு அப்படி எழுத வராது. அதையும் அவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

என் அப்பா செய்த வேலை

எனக்கு அது தவறாகத் தோன்றாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. காரணம் என்கிறேன், நியாயம் என்று சொல்லவில்லை.

நான் பள்ளியில் படித்தபோது பாலக்கரையில் இருந்தோம். என் அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. பர்மா, சிலோன், பினாங்கு என்று போனவர்களிடமிருந்து வரும் கடிதங்களை எடுத்துக்கொண்டு தெருப் பெண்கள் அவரிடம் வருவார்கள். அவர் படித்துச் சொல்வார், பதிலும் எழுதிக் கொடுப்பார். கெட்ட செய்தி இருந்தால் முதலில் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொல்வார். அந்த மரியாதையைப் பார்த்து வளர்ந்தவன் நான். அடுத்தவர் கடிதத்தைப் படித்துச் சொல்வது படித்தவன் செய்யும் தர்மம் என்று என் மனத்தில் பதிந்திருந்தது.

அந்தப் பெண்கள் கொண்டுவந்தது அவரவர் கடிதத்தை. இந்தச் சின்ன வித்தியாசம் எம்.ஏ. படித்த எனக்குப் பல வருடம் புலப்படவில்லை.

அடிக்காத மனிதர்

ராஜமாணிக்கத்தைப் பற்றித் தெருவில் நல்ல பேச்சுதான். பாலக்கரையில் பழைய டயருக்குப் புது ரப்பர் ஏற்றும் கடை வைத்திருந்தார். குடி இல்லை, புகை இல்லை. குரல் உயர்த்திப் பேசி நாங்கள் கேட்டதில்லை. பெண்டாட்டியை அடிக்கிறவர்கள் இரண்டு வீடு தள்ளியே இருந்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டு இவரைத் தங்கமான மனிதர் என்றோம்.

கறிகாய் அவரே வாங்கி வருவார். புடவை அவரே எடுப்பார். வீட்டுச் சாவி அவர் இடுப்பில். ஜெயமணி எங்கள் வீட்டுக்கு வருவதென்றால் அவர் அடுப்பில் உலை வைத்துவிட்டு, சோறு வெந்துவிடும், அதற்குள் வந்துவிடு என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்புவார். அவளும் சிரித்துக்கொண்டே வருவாள். ருக்மணி காபி வேண்டுமா என்று கேட்டால் எங்கள் வாசல் வழியாக அவர்கள் வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

“அவ சிரிக்கிறப்பகூட வாசலைப் பாத்துதான் சிரிக்கிறா. கவனிச்சீங்களா?” என்றாள் ருக்மணி ஒருநாள்.

புது ஊர், பயமாக இருக்கும் என்று நான் சொன்னேன். வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஊர் புதிது, ஊர் புதிது என்று அவர் சொல்லச் சொல்ல, அவளுக்கு அது என்றைக்கும் புது ஊராகவே இருந்தது. தெருப் பெண்களிடம் அவளுக்குப் பழகத் தெரியாது என்பார். அவளிடம், தெருப் பெண்கள் உன் பேச்சைக் கேலி செய்கிறார்கள் என்பார். இது ருக்மணி பின்னால் கண்டுபிடித்தது.

பாஸ்போர்ட்டும் தந்தியும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த கடிதம் வேறு மாதிரி இருந்தது. பாஸ்போர்ட்டைக் கணவர் எங்கோ வைத்துக்கொண்டு கொடுக்க மறுக்கிறார், தேதியும் முடிந்திருக்கும், என் பிறப்புச் சான்றிதழின் நகல் அனுப்பு, புதிதாக எடுத்துக்கொண்டு சாந்தியோடு வந்து அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தங்கைக்கு எழுதியிருந்தாள்.

படித்து முடித்த தாளை மடித்து, மறுபடி பிரித்தேன். அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் எனக்குப் புரிந்திருந்தது. ஒன்றுமில்லை, நலம் விசாரித்திருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம்.

சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டால் ஒரு குடும்பம் பிரிந்துவிடும், அதற்கு நான் துணைபோனவன் ஆவேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ராஜமாணிக்கம் கோபப்படவில்லை. கண் கலங்கினார். மனநிலை சரியில்லாமல் எழுதுகிறாள், அவள் தங்கைக்கு நான் சொல்கிற மாதிரி ஒரு கடிதம் எழுதித் தாருங்கள் என்றார். எழுதினேன். ஜெயமணிக்கு மனம் சற்றுத் தடுமாறியிருக்கிறது, வைத்தியம் நடக்கிறது, அவள் எழுதுவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் அன்பும் பொறுமையும் போதும். இரண்டு முறை நகல் எடுத்து, வாக்கியங்களைச் செதுக்கினேன். கீழே அவர் கையெழுத்துப் போட்டார். என் வாழ்நாளில் நான் எழுதிய நல்ல ஆங்கிலக் கடிதங்களில் அது ஒன்று. ஜெயமணி எழுதிய கடிதத்தை அவர் தபாலில் சேர்க்கவில்லை.

ஒன்றிரண்டு மாதம் கழித்து ஜெயமணி ருக்மணியிடம் கேட்டிருக்கிறாள்: “அக்கா, மருந்தை ஒழுங்கா சாப்பிடுன்னு தங்கச்சி எழுதியிருக்கு. எந்த மருந்துன்னே தெரியல.” ருக்மணி அதைச் சாப்பாட்டு வேளையில் வேடிக்கையாக என்னிடம் சொன்னாள். நான் மோர் ஊற்றச் சொன்னேன்.

அதற்கப்புறம் ஒரு தந்தி. பத்மாவின் கடிதங்களும் தந்தியும் டயர் கடை முகவரிக்குத்தான் வரும். ராஜமாணிக்கம் தந்தியைக் கல்லூரிக்கே எடுத்து வந்தார். அம்மா இறந்துவிட்டார் என்று இருந்தது. வருத்தம் தெரிவித்தேன். வீட்டில் போய்ச் சொல்லுவார் என்று நினைத்தேன்.

அடுத்த மாத ஞாயிறு. நீலத்தாள். “அம்மாவின் முழங்காலுக்கு இங்கே ஒரு நல்ல எண்ணெய் கிடைக்கிறது, யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்” என்று எழுதியிருந்தாள்.

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

“மனசு தாங்காது சார். பத்மா லெட்டரையும் கடையிலயே வெச்சிருக்கேன். பக்குவமா சொல்றேன்” என்றார்.

சரி என்றேன். அதற்குப் பின்னும் மூன்று கடிதங்களைப் படித்தேன்.

மாம்பழச்சாலை நிறுத்தம்

ஒருநாள் முற்பகல், ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். பெண்கள் பக்கத்தில் ஜெயமணி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். தனியாக அவள் பஸ் ஏறி நான் பார்த்ததில்லை. மாம்பழச்சாலையில் ஒரு போலீஸ்காரர் ஏறினார். டியூட்டி முடிந்து களைத்துப்போய் வந்தவர். ஜெயமணி சட்டென்று எழுந்து மறுபக்கப் படி வழியாக இறங்கிவிட்டாள். பஸ் புறப்படுவதற்குள் நானும் இறங்கினேன்.

பாலத்தை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தாள். எட்டிப் பிடித்து, என்ன விஷயம் என்று கேட்டேன். சாந்திக்குக் காய்ச்சல், வந்து அழைத்துப் போகும்படி பள்ளியிலிருந்து ஆள் வந்து சொன்னார்; கணவர் ரப்பர் வாங்கக் கரூர் போயிருக்கிறார் என்றாள். பிறகு ஏன் பஸ்ஸை விட்டு இறங்கினாள்?

“போலீஸ் ஏறினாரு சார்.”

“ஏறினா என்னம்மா?”

“என் பேரு இங்க ரெஜிஸ்டர்ல இல்ல சார். நாள் தாண்டிடுச்சு. பிடிச்சா உள்ள வெச்சு, அப்புறம் என்னை மட்டும் கப்பல் ஏத்திடுவாங்க. சாந்தி இங்கயே நின்னுடும்.”

“யார் சொன்னது?”

“அவருதான். எனக்காக ஆபீசரைப் பாத்துப் பாத்துத் தள்ளிப்போட்டுட்டு வராரு.”

வெயில் ஏறியிருந்தது. காவிரியில் தண்ணீர் குறைந்து மணல் திட்டுகள் தெரிந்தன. லாரி போகும்போதெல்லாம் பாலம் காலுக்கடியில் அதிர்ந்தது. இதையெல்லாம் தங்கைக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், அவள் என்ன எழுதினாள் என்ன எழுதவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று உறைத்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

“வெளிநாட்டுக் கடுதாசியைப் போலீஸ் பிரிச்சுப் படிக்கும்னு சொன்னாரு சார். அதனால அதை மட்டும் எழுதல.”

பிரித்துப் படித்தவன் அவளோடு நடந்துகொண்டிருந்தேன்.

பள்ளி வரை போய் இருவரையும் ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டேன். மறுநாள் கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, வெளிநாட்டுக்காரர்கள் பதிவு செய்யும் போலீஸ் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் எந்த நாடு என்று கேட்டார். சொன்னேன்.

“அந்த நாட்டுக்காரங்களுக்கு நம்மகிட்ட பதிவே கிடையாதுங்க. அந்தம்மா தாராளமா இருக்கலாம், தாராளமா போகலாம். யாருங்க உங்களுக்கு இப்படிச் சொன்னது?”

இல்லாத ஒரு சட்டத்துக்குள் ராஜமாணிக்கம் அவளை மூன்று வருடமாகப் பூட்டி வைத்திருந்தார். வெளியே போகும் ஒரே வழி அவள் எழுதிய கடிதங்கள். அந்த வாசலில் நான் காவலுக்கு நின்றிருந்தேன்.

சோறு வேகிற நேரம்

அன்று மாலை ருக்மணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ராஜமாணிக்கம் ஞாயிறுகளில் கொண்டுவருவது கடை சம்பந்தப்பட்ட காகிதம் என்றே அவள் நினைத்திருந்தாள். மருந்து விஷயத்தைச் சொன்னபோது கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

பிறகு, “போய்ச் சொல்லுங்க. அவர்கிட்ட இல்ல. அவகிட்ட” என்றாள்.

இரண்டு நாள் கழித்து ஜெயமணி, வழக்கம்போல உலை வைத்த நேரத்தில், எங்கள் வீட்டுக்கு வந்தாள். ருக்மணி அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். கடிதங்கள், பாஸ்போர்ட், நான் எழுதிய கடிதம், போலீஸ் அலுவலகத்தில் கேட்டது. அவள் குறுக்கே பேசவில்லை. தந்தியைப் பற்றிச் சொன்னபோது மட்டும் ருக்மணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்போ?”

நான் மாதத்தைச் சொன்னேன்.

“அதுக்கப்புறம் நான் எழுதினதையும் படிச்சீங்களா சார்? அந்த எண்ணெய் விஷயம்?”

“படிச்சேன்.”

அவள் அழவில்லை. அழுதால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. எழுந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, சோறு வெந்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் அவளே ருக்மணியிடம் ஒரு தாள் கேட்டு வாங்கி, எங்கள் சமையலறையில் உட்கார்ந்து தங்கைக்கு எழுதினாள். தானே ஒட்டினாள். அதோடு நானும் தனியாக ஒன்று எழுதினேன். முன்பு வந்த கடிதத்தை எழுதியவன் நான், அதில் இருந்தது பொய் என்று. இனி வரும் பதில்கள் என் கல்லூரி முகவரிக்கு வரட்டும் என்றும் எழுதினேன். வந்த உறைகளைப் பிரிக்காமல் கொண்டுவந்து ருக்மணியிடம் கொடுத்தேன்.

முதல் பதிலை ஜெயமணி எங்கள் வீட்டில் வைத்துத்தான் படித்தாள். படித்து மடித்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்தது அதுவே முதல் தடவை.

“சார், நீங்க எழுதின லெட்டரை பத்மா அம்மாகிட்ட படிச்சுக் காட்டியிருக்கா. நான் பைத்தியம் ஆயிட்டேன்னு நெனச்சுக்கிட்டேதான் அம்மா செத்துப்போனாங்க.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ருக்மணி வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

நாகப்பட்டினம்

பத்மாவிடமிருந்து பிறப்புச் சான்றிதழ் வர இரண்டு மாதம் ஆயிற்று. போட்டோ எடுக்க ருக்மணி அவளைக் கோயிலுக்கு என்று சொல்லி அழைத்துப் போனாள். மெட்ராஸில் இருந்த அவர்கள் நாட்டு அலுவலகத்துக்கு நான் எழுதிய கடிதங்களில் அலங்காரம் எதுவும் இல்லை. புதுப் பாஸ்போர்ட் மகளின் பெயரோடு கல்லூரிக்கு வந்தது. பத்மா கப்பல் டிக்கெட் அனுப்பினாள்.

தகப்பனுக்குத் தெரியாமல் பெண்குழந்தையை அனுப்புவது சரியா என்று எனக்கு அப்போதும் சஞ்சலம் இருந்தது. அதைச் சொன்னபோது ருக்மணி, “அதை முடிவு பண்ண வேண்டியது நீங்க இல்ல” என்றாள்.

ராஜமாணிக்கம் கரூர் போன ஒரு நாளில் ஜெயமணி, சாந்தி, ருக்மணி மூவரும் நாகப்பட்டினத்துக்கு ரயில் ஏறினார்கள். ருக்மணிதான் கப்பல்வரை போனாள். நானும் வரட்டுமா என்று கேட்டதற்கு ஜெயமணி வேண்டாம் என்றுவிட்டாள். “போயிட்டு வரேன்” என்று வழக்கப்படி சொல்லாமல், “நீங்க எனக்கு எழுத வேண்டாம் சார்” என்று சொன்னாள். நான் எழுதவில்லை.

மறுநாள் ராஜமாணிக்கம் வந்தார். அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போதும் குரல் உயரவில்லை.

“உங்களை நம்பித்தானே சார் குடுத்தேன்.”

அவர் பெண்டாட்டி எழுதியதைத்தான் என்னை நம்பிக் கொடுத்தார். நான்தான் குடும்பத்தைப் பிரித்துவிட்டேன் என்று அவர் தெருவில் சொன்னார். தெரு அவர் பக்கம் நின்றது. சில வீடுகளில் எங்களோடு பேச்சை நிறுத்தினார்கள். மறுத்துச் சொல்ல வேண்டுமானால் கடிதங்களில் இருந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு வருடத்தில் கே.கே. நகருக்குக் குடிபெயர்ந்தோம்.

ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் கட்டி முடித்ததற்கு அடுத்த வருடம், எண்பத்தெட்டாக இருக்கலாம். ஒரு மத்தியானம் இருபது வயதுப் பெண் ஒருத்தி விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். சாந்தி. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, பார்க்க வந்தேன் என்றாள். தைரியமான குரல். ருக்மணியைக் கட்டிக்கொண்டாள். அம்மா ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறார், பத்மா சித்தியின் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறோம் என்றெல்லாம் சொன்னாள். ருக்மணிக்கு ஒரு புடவை கொடுத்தாள். அம்மா எடுத்தது என்றாள்.

அவள் கிளம்பும்போது என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. என்னைப் பற்றி அம்மா ஏதாவது சொன்னார்களா?

அந்தப் பெண் பொய் சொல்லத் தெரியாதவள். கொஞ்சம் தயங்கினாள்.

“இல்ல அங்கிள். ஆன்ட்டியைக் கட்டாயம் பாத்துட்டு வான்னு சொன்னாங்க. உங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லல.”

சரிம்மா என்றேன். பஸ் நிறுத்தம் வரை ருக்மணி அவளோடு போனாள். நான் வாசலோடு நின்றுகொண்டேன்.